நாற்பது பிள்ளைகள், ஒரே ஒரு ஹெட்செட்: உடற்கல்வி வகுப்பில் மெய்நிகர் விளையாட்டைத் தொடங்குவது எப்படி?

உடற்கல்விப் பாடவேளை தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் மைதானத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பந்து எப்போதும் அதே பத்துப் பன்னிரண்டு பேரிடம்தான் இருக்கும். இன்னும் பத்துப் பேர், பந்து தங்கள் பக்கம் வந்தால் உதைக்கலாம் என்று நின்றுகொண்டிருப்பார்கள். மீதிப் பேர் வேப்பமரத்தடியில், வராந்தாப் படியில், குடிநீர்த் தொட்டி அருகில். ஒருத்திக்கு வயிற்று வலி, ஒருவனுக்குக் காலில் முள், இன்னொருத்தி ஷூ கொண்டுவரவில்லை. உடற்கல்வி ஆசிரியையாகப் பல ஆண்டுகள் இந்தக் காரணங்களை நம்பி விட்டுவிட்டேன். பொறுமையாகப் பேசிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: எல்லோர் கண்முன்னும் தோற்பதற்கு அவர்களுக்கு மனமில்லை.

மெய்நிகர் கருவியையும் விளையாட்டாக்கத்தையும் நான் வகுப்புக்குள் கொண்டுவந்தது அந்த மரத்தடிப் பிள்ளைகளுக்காக. இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு, நான் தவறித் திருத்திக்கொண்ட வரிசையில் இதை எழுதுகிறேன்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். தலையில் ஹெட்செட் அணிந்ததும் கண்முன் முழுவதுமாக வேறோர் இடம் விரிவது மெய்நிகர் உலகம். புள்ளி, நிலை, பயணம், குழு இலக்கு போன்ற விளையாட்டின் கூறுகளை வழக்கமான பயிற்சியில் சேர்ப்பது விளையாட்டாக்கம். இரண்டாவதற்கு மின்சாரமே வேண்டாம், சுண்ணாம்பும் ஒரு சார்ட் தாளும் போதும். என் அனுபவத்தில் பலனில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வந்தது. அதனால் அதில் தொடங்குங்கள்.

முதல் வாரம்: எண்ணுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். ஒரு வாரம் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, பாடவேளையின் பத்தாவது நிமிடத்திலும் இருபத்தைந்தாவது நிமிடத்திலும் யார் யார் அசையாமல் இருக்கிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். தொடர்ந்து குறி விழும் பெயர்கள் தனியே தெரியும். இந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதம் கழித்து உங்கள் முயற்சி வென்றதா என்று சொல்லப்போவது இதுதான்.

அவுட் ஆனால் உட்காரக் கூடாது

நம் மைதானத்து ஆட்டங்கள் பலவற்றில் ஒரு பெரிய குறை உண்டு. யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவர்தான் முதலில் அவுட் ஆகி உட்காருகிறார். நன்றாக ஓடுபவர் கடைசி வரை ஓடுகிறார். கபடி இதை அழகாகத் தீர்த்து வைத்திருக்கிறது. எதிரணியில் ஒருவர் வெளியேறினால் நம் அணியில் அவுட் ஆனவர் உயிர் பெற்று உள்ளே வருகிறார். இந்த விதியை எல்லா ஆட்டத்துக்கும் நீட்டுங்கள். ஓடிப்பிடித்தலில் அவுட் ஆனவர் ஓரத்தில் இருக்கும் கயிற்றை எடுத்துப் பத்து முறை தாண்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பலாம். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டால்கூட உங்கள் வகுப்பு வேறு வகுப்பாகிவிடும்.

புள்ளி யாருக்கு?

புள்ளி என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தரவரிசைப் பட்டியல். அதை ஒட்டாதீர்கள். நானும் ஒட்டினேன். மேலே இருந்த ஐந்து பேர் மகிழ்ந்தார்கள், கடைசியில் இருந்தவர்கள் அந்தச் சுவரின் பக்கமே வரவில்லை. மரத்தடியில் இருந்த வெட்கத்தைச் சுவரில் எழுதி வைத்ததுபோல் ஆகிவிட்டது.

ஒவ்வொரு பிள்ளையும் தன்னோடு மட்டும் போட்டி போடட்டும். முப்பது விநாடியில் எத்தனை முறை கயிறு தாண்ட முடிகிறது என்று எண்ணுங்கள். அது அவருடைய சொந்த எண். அடுத்த வாரம் அந்த எண்ணைத் தாண்டினால் ஒரு புள்ளி, மூன்றால் தாண்டினாலும் ஒன்றால் தாண்டினாலும் ஒரே புள்ளிதான். பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்கு வந்தவளும் அறுபதிலிருந்து அறுபத்தொன்றுக்குப் போனவளும் சமம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். முதல் வாரம் வேண்டுமென்றே குறைவாகத் தாண்டிவிட்டு, பிறகு வாரா வாரம் ஒவ்வொன்றாகக் கூட்டிப் புள்ளி சேர்ப்பார்கள். கோபப்படாதீர்கள், விதியை மாற்றுங்கள். முதல் இரண்டு பாடவேளைகளில் மூன்று முறை தாண்டவிட்டு, அதில் சிறந்ததைச் சொந்த எண்ணாக எடுங்கள். அதோடு, அந்த மூன்று முயற்சிகளில் தாண்டிய எல்லாமே வகுப்பின் பொதுக் கணக்கிலும் சேரும் என்று அறிவித்துவிடுங்கள். குறைவாகத் தாண்டினால் கூட்டாளிகளுக்கு இழப்பு என்பதால் யாரும் பதுக்க மாட்டார்கள்.

பரிசு பற்றியும் ஒரு வார்த்தை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் கொண்ட மழலைப் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் பரிசு இல்லாத நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். பேனா, சாக்லேட் என்று கொடுக்கத் தொடங்கினால் அது நிற்கும் நாளில் ஓட்டமும் நின்றுவிடும். புள்ளி என்பது பிள்ளைக்குத் தன் வளர்ச்சியைக் காட்டும் கண்ணாடியாக மட்டும் இருக்கட்டும்.

கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு பெரிய தமிழ்நாட்டு வரைபடத்தைச் சுவரில் மாட்டுங்கள். கன்னியாகுமரியில் ஒரு குண்டூசி. வகுப்பு மொத்தமாக மைதானத்தில் கடக்கும் தூரம் அந்தக் குண்டூசியை வடக்கே நகர்த்தும்.

கணக்கு எளிது. மைதானத்தின் ஒரு சுற்று 200 மீட்டர் என்று கொள்வோம். நாற்பது பேர் ஆளுக்கு ஐந்து சுற்று வந்தால் 40 கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம், பேசிக்கொண்டே வரலாம், சுற்று சுற்றுதான். கன்னியாகுமரியிலிருந்து சென்னை சாலை வழியே சுமார் 700 கிலோமீட்டர். வாரம் இரண்டு பாடவேளை என்றால் ஒன்பது வாரத்தில் போய்ச் சேரலாம். இரண்டாம் வாரம் திருநெல்வேலியைத் தாண்டியிருப்பீர்கள், நான்காம் வாரம் மதுரை. பிறகு திருச்சி, விழுப்புரம்.

மைதானம் சிறியது என்றால் சுற்றளவை ஒருமுறை நாடாவால் அளந்து கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். சுற்றுகளை எண்ணப் புளியங்கொட்டை போதும். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒரு கொட்டையை டப்பாவில் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

இதில் ஓர் அதிசயம் நடந்தது. சில நாட்கள் கழித்து, மெதுவாக நடக்கும் ஒரு மாணவியிடம் வேகமாக ஓடும் ஒருத்தி, "நீ இன்னும் ஒரு சுற்று வந்தால் இன்றைக்கே மதுரை" என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். எந்தப் பட்டியலும் இதைச் செய்யவில்லை.

நிலைகள் வைப்பதும் உடற்கல்விக்குப் புதிதில்லை. 20 மீட்டர் தூரத்தை முன்னும் பின்னுமாக ஓடும் ஷட்டில் ஓட்டத் தேர்வு 1980-களிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது. மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும், ஒவ்வொரு நிமிடமும் ஒரு நிலை. அதை நடத்தினால், நின்றுவிட்டவர்களை உட்காரச் சொல்லாமல் அடுத்த தோழியின் சுற்றை எண்ணச் சொல்லுங்கள்.

இப்போது ஹெட்செட்

நான்கு வாரம் இப்படிப் போன பிறகு கருவியைக் கொண்டுவாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிடமோ முன்னாள் மாணவர்களிடமோ கேட்கலாம். வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரண்டு வாரம் இரவல் பெற்றுப் பார்ப்பது இன்னும் நல்லது.

இரண்டு வகை இருப்பதை அறிந்துகொள்ளுங்கள். செல்பேசியை உள்ளே செருகும் அட்டைப்பெட்டி வகை மலிவானது. 2014-இல் கூகுள் அறிமுகப்படுத்திய கார்ட்போர்டு இந்த வகை. தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும், ஆனால் நீங்கள் ஓரடி முன்னே வைத்தால் அதற்குத் தெரியாது. உட்கார்ந்து 360 டிகிரி வீடியோ பார்க்க மட்டுமே இது ஏற்றது, உடற்பயிற்சிக்கு ஆகாது. மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3 போன்ற, செல்பேசி தேவைப்படாத தனித்த ஹெட்செட்டுகளில் கேமராக்கள் இருக்கின்றன. அவை குனிவதையும் ஒதுங்குவதையும் கையை வீசுவதையும் அறியும். எடை அரைக் கிலோ அளவில் இருக்கும். பிள்ளையின் கழுத்துக்கு அது சிறிய பாரமில்லை.

வயது விஷயத்தில் உறுதியாக இருங்கள். மெட்டா நிறுவனம் தன் கருவிக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 10, அதுவும் பெற்றோர் மேற்பார்வையில். சோனி தன் பிளேஸ்டேஷன் விஆர் ஹெட்செட்டுக்கு 12 என்கிறது. நான் ஏழாம் வகுப்புக்குக் கீழே தருவதில்லை. சிறு பிள்ளைகளுக்கு இரு கண்களுக்கிடையிலான தூரம் குறைவு என்பதால் பல கருவிகளில் லென்ஸ் சரியாகப் பொருந்தாது, படம் மங்கி, கண் வலிக்கும்.

பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வலிப்பு, ஒற்றைத் தலைவலி, தலைச்சுற்றல், கண் அறுவைச் சிகிச்சை ஏதேனும் உண்டா என்று தமிழில் தெளிவாகக் கேளுங்கள். ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்குக் கடும் தலைச்சுற்றலோ வலிப்போ வரலாம் என்று மெட்டாவின் எச்சரிக்கைக் குறிப்பே சொல்கிறது. காய்ச்சலில் இருந்து எழுந்து வந்த பிள்ளைக்கு அந்த வாரம் வேண்டாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர்கள் குழந்தைகள், அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. எனவே பிள்ளைகள் பெயரில் கணக்கு எதுவும் தொடங்காதீர்கள். ஆசிரியரின் கணக்கு ஒன்று போதும். முகம் தெரியாதவர்களோடு பேசக்கூடிய இணையவழி ஆட்டங்களையும் குரல் உரையாடலையும் முழுவதுமாக நிறுத்திவையுங்கள்.

இடம்

மைதானத்தில் இதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். உள்ளே இருப்பது உருப்பெருக்கும் லென்ஸ். பூதக்கண்ணாடியால் தாளை எரித்து விளையாடியிருப்போம் அல்லவா, அதே வேலையை வெயில் இங்கே செய்யும். லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி சிறிது நேரம் கிடந்தாலே திரையில் கருகிய புள்ளி விழுந்துவிடும். ஜன்னலோர மேசையும் ஆபத்துதான்.

காலி வகுப்பறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் சதுரம் ஆடுபவருக்கு. அதைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு மீட்டர் வெற்றிடம். முதல் வாரம் நான் இதை விட்டுவிட்டேன். கருவி அணிந்த மாணவி கையை வீசியபோது, ஆர்வத்தில் கிட்டே வந்த பிள்ளையின் புருவத்தில், அவள் கையில் பிடித்திருந்த கன்ட்ரோலர் பட்டு வீங்கிவிட்டது. கருவி காட்டும் எல்லைக்கோடு அணிந்தவருக்கு மட்டும்தான் தெரியும், வெளியிலிருந்து வருபவரை அது தடுக்காது. மறுநாளே தரையில் இரண்டு சதுரம் வரைந்தேன். வெளிச் சதுரத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். கபடி ஆடுபவர்கள் உடனே "லாபி" என்றார்கள். கபடிக் களத்தின் இரு ஓரத்திலும் இருக்கும் பட்டைதான் லாபி, எதிரணியைத் தொடுவதற்கு முன் அதில் கால் வைத்தால் அவுட். அதன்பின் ஒருவரும் அதை மிதிக்கவில்லை.

சதுரத்தின் நடுவில் ஒரு சிறிய கால்மிதி போடுங்கள். வெறுங்காலோடு ஆடும் பிள்ளைக்குக் கண் மறைந்திருந்தாலும் பாதம் சொல்லும், நடுவில் இருக்கிறோமா என்று. மின்விசிறி தலைக்கு நேர் மேலே தாழ்வாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

அடுத்தது, கருவி விற்பவர்கள் யாரும் சொல்லாத விஷயம். ஹெட்செட் அணிந்த பிள்ளைக்குத் தன்னை யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது. பார்ப்பவர்களுக்கோ, காற்றில் கை வீசும் ஒருவர் வேடிக்கையாகத் தெரிவார். எந்த வெட்கத்திலிருந்து அவளைக் காக்க நினைத்தோமோ அதற்குள்ளேயே தள்ளிவிடுவோம். அவள் பார்க்கும் காட்சியை ஒரே வைஃபை வழியாக ஸ்மார்ட் டி.வி.யில் காட்ட முடியும். அந்த டி.வி.யை எதிர்ச் சுவரில் வைத்து, காத்திருப்பவர்களின் முதுகு ஆடுபவளைப் பார்த்திருக்கும்படி பெஞ்சுகளைப் போடுங்கள். அவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். செல்பேசியில் படம் எடுக்க யாருக்கும், ஆசிரியர்களுக்கும்கூட, அனுமதி இல்லை.

எந்த ஆட்டம்?

மலைப்பாதையில் பஸ்ஸுக்குள் புத்தகம் படித்தால் குமட்டுவது ஏன்? உடல் வளைந்து போவதை உள்காது உணர்கிறது, கண்ணோ அசையாத பக்கத்தைப் பார்க்கிறது. இரண்டும் முரண்படும்போது வயிறு புரட்டுகிறது. ஹெட்செட்டில் இது தலைகீழாக நடக்கும். கண் பறக்கிறது, உடல் நிற்கிறது. ஆகவே ஒரே விதி: ஆடுபவர் நின்ற இடத்திலேயே நிற்க, பொருள்கள் அவரை நோக்கி வரும் ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள். தாளத்துக்கேற்பக் கட்டைகளை வெட்டும் பீட் சேபர் இந்த வகை. குத்துச்சண்டைப் பயிற்சி ஆட்டங்களும் அப்படியே. ரோலர் கோஸ்டர், கார் பந்தயம், பறத்தல் எதுவும் வேண்டாம், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும். விளையாட்டுகளை முன்னதாகவே பதிவிறக்கி வையுங்கள், பள்ளி இணையத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கை மட்டும் ஆடிக் கால் சும்மா இருந்தால் அது உடற்பயிற்சி ஆகாது. குனிந்தும் ஒதுங்கியும் தடைகளைத் தவிர்க்கவேண்டிய பகுதி இருக்கிறதா என்று நீங்களே ஆடிப் பார்த்து முடிவு செய்யுங்கள். தொடை வலித்தால் நல்ல ஆட்டம்.

ஒரு பாடவேளை நடக்கும் விதம்

நாற்பது நிமிடத்தில் வரிசைக்கும் முடிப்புக்கும் பத்து நிமிடம் போனால் முப்பது மிஞ்சும். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் ஆட்டம், ஒரு நிமிடம் துடைத்து மாட்ட. ஆக, ஏழு பேர். நாற்பது பேரும் ஆறு பாடவேளைகளில், அதாவது மூன்று வாரத்தில், ஒரு சுற்று முடிப்பார்கள். ஹெட்செட்டை வகுப்பாக எண்ணாமல் பாடவேளையின் பல பயிற்சி நிலையங்களில் ஒன்றாக வைக்கவேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். கயிறு, ஏணிக் கட்டம், பந்து எறிதல், புளியங்கொட்டைச் சுற்று என்று மற்றவர்கள் வெளியே ஆடிக்கொண்டிருப்பார்கள். அறையை மேற்பார்க்க இன்னோர் ஆசிரியர் வேண்டும். யாரும் கிடைக்காத நாளில் ஹெட்செட் அலமாரியிலேயே இருக்கட்டும்.

அந்த ஏழு பேர் யார் என்பதை முதல் வாரத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அசையாதவர்கள் இரண்டு பேரும் ஓடுபவர்கள் ஐந்து பேரும் கலந்திருக்கட்டும். வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். முதல்முறை இரண்டு நிமிடம் போதும். முகம் வெளிறினாலோ, கொட்டாவி விட்டாலோ, வியர்வை திடீரென்று கொட்டினாலோ உடனே கழற்றி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள்.

சுத்தம் பற்றி வெளிநாட்டுக் குறிப்புகளில் கிடைக்காதவை சில உண்டு. நம் பிள்ளைகளின் தலையில் தேங்காய் எண்ணெய் இருக்கும், அது பட்டையில் ஊறிவிடும். ஸ்டிக்கர் பொட்டு நுரைப்பஞ்சில் ஒட்டிக்கொள்ளும், விபூதி லென்ஸில் படியும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சுத்தமான பருத்திக் கைக்குட்டை கொண்டுவந்து நெற்றியில் கட்டிக்கொள்ளட்டும். நுரைப்பஞ்சுக்கு மேல் சிலிக்கான் உறை போட்டால் ஒவ்வொருவருக்கும் இடையே துடைப்பது எளிது. லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள், ஆல்கஹால் பட்டால் மேற்பூச்சு கெடும். கண் சிவந்து வந்த பிள்ளைக்கு அன்று கிடையாது.

உழைப்பு இருக்கிறதா என்று பார்க்க நாடி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடத் துடிப்பு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பதினைந்து விநாடியில் 33-க்கு மேல் இருந்தால் உடல் மிதமாக உழைத்திருக்கிறது என்று தோராயமாகக் கொள்ளலாம். தன் இதயத்தைத் தானே எண்ணும் அந்த நிமிடத்தில் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும்.

குண்டூசி ஓர் ஊரை எட்டும்போது ஹெட்செட்டுக்கு வேறு வேலை கொடுங்கள். மதுரை வந்தால் மதுரையின் 360 டிகிரி வீடியோ ஒன்றைத் தேடி எடுத்து, நடந்தவர்கள் எல்லோரும் முறைவைத்து உட்கார்ந்தபடி ஒரு நிமிடம் பார்க்கட்டும். கால் சேர்த்த தூரத்தின் முடிவில் கண்ணுக்கு ஓர் ஊர் கிடைக்கிறது.

5 முதல் 17 வயதுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பில் இருக்கவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஹெட்செட்டின் மூன்று நிமிடம் அதில் எந்த மூலைக்கும் காணாது. அந்த மூன்று நிமிடம் கதவைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவே. திறக்கிறதா என்று அறிய, பருவம் முடியும் வாரத்தில் பழைய பெயர்ப் பட்டியலை எடுத்து, அதே பத்தாவது நிமிடத்திலும் இருபத்தைந்தாவது நிமிடத்திலும் மீண்டும் குறியுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறி குறையவில்லை என்றால் ஹெட்செட்டை அறிவியல் ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டு, தலைமை ஆசிரியரிடம் இருபது ஸ்கிப்பிங் கயிறு கேளுங்கள்.

என் வகுப்பில் குறி குறைந்தது, ஆனால் முழுவதும் மறையவில்லை. இன்னமும் மரத்தடியில் இருந்த மூன்று பேரிடம் தனித்தனியே உட்கார்ந்து பேசினேன். ஒருத்தியின் ஷூ அக்காவுடையது, விரல் மடங்கும் அளவுக்குச் சிறியது. அவளுக்கு வேறு ஷூ ஏற்பாடு செய்தோம். ஒருவன் மருத்துவரைப் பார்க்கவேண்டியிருந்தது. மூன்றாமவள் ஆட விரும்பவில்லை, எண்ண விரும்பினாள். புளியங்கொட்டை டப்பாவையும் ஒரு விசிலையும் அவளிடம் கொடுத்தேன். டப்பா மைதானத்தின் ஒரு மூலையிலும் வரைபடம் எதிர் மூலையிலும் இருக்கின்றன. பாடவேளைக்குப் பத்து முறையாவது இரண்டுக்கும் இடையே நடக்கிறாள்.